மெக்டொனால்ட்ஸ் வரலாறு: சொந்தக் கடையும் ஃபிரான்சைஸ் கடையும்

மெக்டொனால்ட்ஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பர்கரும் அந்த மஞ்சள் வளைவும்தான். அந்த வளைவுக்குக் கீழே இருக்கும் கடை யாருடையது என்று சாப்பிட வருபவர் யாரும் யோசிப்பதில்லை. ருசி ஒன்று, சீருடை ஒன்று, பெயர்ப் பலகையும் ஒன்று. ஆனால் அமெரிக்காவில் ஒரு கடைக்கு முதலாளி சிகாகோவில் இருக்கும் கம்பெனியாக இருக்கும். பக்கத்து ஊர்க் கடைக்கு முதலாளி அதே ஊரில் குடியிருக்கும் ஒரு தனி மனிதராக இருப்பார். முதலாவது கம்பெனியின் சொந்தக் கடை. இரண்டாவது ஃபிரான்சைஸ் கடை.

ஃபிரான்சைஸ் என்பது சுருக்கமாக இதுதான். பெயர், செய்முறை, பயிற்சி எல்லாம் கம்பெனியுடையது. முதல் போடுவது, ஆள் வைப்பது, கடையைத் திறந்து மூடுவது, நஷ்டம் வந்தால் தாங்குவது எல்லாம் ஃபிரான்சைஸ் எடுத்தவர் பாடு. பதிலுக்கு அவர் கம்பெனிக்கு ஆரம்பத்தில் ஒரு தொகையும், பிறகு விற்பனையில் ஒரு சதவீதமும் கட்ட வேண்டும்.

இந்த இரண்டில் எது லாபம்? இரண்டையும் கலந்து நடத்தினால் என்ன ஆகும்? வணிகவியல் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. ஏட்டில் விடை தேடுவதைவிட மெக்டொனால்ட்ஸின் கதையைப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்தக் கலவையின் அளவை அந்தக் கம்பெனி பலமுறை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைப் பெற்றது, ஏதோ ஒன்றை இழந்தது.

பெயரை மட்டும் விற்ற சகோதரர்கள்

ரிச்சர்ட் மெக்டொனால்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்ற இரு சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1940ல் ஓர் உணவகம் திறந்தார்கள். 1948ல் அதை மூடி, அடியோடு மாற்றி மறுபடி திறந்தார்கள். பரிமாற ஆள் கிடையாது, பட்டியலில் சில பண்டங்கள்தான், சமையலறை ஒரு தொழிற்சாலை மாதிரி ஓடும். ஹாம்பர்கர் விலை 15 சென்ட். கூட்டம் அலைமோதியது.

பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். சகோதரர்களும் உரிமம் கொடுத்தார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் 1953ல் முதல் ஃபிரான்சைஸ் கடை வந்தது. ஆனால் சகோதரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பெயரையும் கட்டட வரைபடத்தையும் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கடைகளில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க அவர்களிடம் ஆளும் இல்லை, ஆசையும் இல்லை. உரிமம் வாங்கியவர்கள் இஷ்டத்துக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் பரவியது, தரம் பரவவில்லை.

டெஸ் ப்ளைன்ஸ் கடை

1954ல் ரே க்ராக் வருகிறார். மில்க் ஷேக் கலக்கும் இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்த 52 வயது விற்பனையாளர். நாடு முழுக்க ஃபிரான்சைஸ் கொடுக்கும் உரிமையைச் சகோதரர்களிடமிருந்து பெற்றார். நிபந்தனை கடுமையானது. ஒரு கடைக்கு 950 டாலர்தான் ஆரம்பக் கட்டணம். விற்பனையில் 1.9 சதவீதம் வசூலிக்கலாம், அதிலும் 0.5 சதவீதம் சகோதரர்களுக்கு.

க்ராக் முதலில் செய்த காரியம் கவனிக்க வேண்டியது. ஃபிரான்சைஸ் விற்கக் கிளம்புவதற்கு முன் தாமே ஒரு கடை போட்டார். சிகாகோவுக்கு அருகில் இல்லினாயின் டெஸ் ப்ளைன்ஸில் 1955 ஏப்ரல் 15 அன்று அது திறந்தது. முதல் நாள் விற்பனை 366 டாலர் 12 சென்ட். அந்தக் கடை அவருக்கு ஒரு காட்சிக்கூடம். ஃபிரான்சைஸ் கேட்டு வருபவரை அங்கே அழைத்துப் போய்க் காட்டலாம். அதைவிட முக்கியம், அது ஒரு பயிற்சிக்கூடம். 1956ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஃப்ரெட் டர்னர் என்ற இளைஞர் உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வேக வேண்டும், இறைச்சி எந்த நேரத்தில் திருப்பப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். 1958ல் அது 75 பக்கக் கையேடாக அச்சானது. டர்னர் பின்னாளில் கம்பெனிக்கே தலைவரானார். 1961ல் ஆரம்பமான ஹாம்பர்கர் யுனிவர்சிட்டி என்ற பயிற்சிப் பள்ளியும் எல்க் க்ரோவ் வில்லேஜ் என்ற ஊரில் ஒரு கடையின் நிலவறையில்தான் தொடங்கியது.

மறுபக்கம் ஃபிரான்சைஸ் வாங்கியவர்களைப் பார்க்கலாம். ஆரம்பத்தில் க்ராக்கிடம் உரிமம் வாங்கியவர்களில் பலர் அவருடைய கோல்ஃப் கிளப் நண்பர்கள். கையில் காசு இருந்தது, வேறு தொழிலும் இருந்தது. பணத்தைப் போட்டுவிட்டுக் கடைப் பக்கமே வராதவர்கள் உண்டு. அந்தக் கடைகள் பலவும் க்ராக்குக்குத் தலைவலி ஆயின. அதே 1955ல் வாகீகன் என்ற ஊரில் ஒரு தம்பதி, சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு கடை எடுத்தார்கள். இருவரும் கடையிலேயே கிடந்தார்கள். கடை திறந்த நாளிலிருந்தே கூட்டம். க்ராக்குக்குப் பாடம் புரிந்தது. பணக்காரர் வேண்டாம், தன் கையால் கடை நடத்துகிறவர் வேண்டும். ஒரு வட்டாரத்தையே மொத்தமாக ஒருவருக்கு விற்காமல் ஒவ்வொரு கடையாகக் கொடுப்பது என்றும் வைத்துக்கொண்டார். ஒழுங்காக நடத்தியவருக்குத்தான் அடுத்த கடை.

சம்பளத்துக்கு இருக்கும் மேலாளர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகப் பார்ப்பார். தன் வீட்டை அடமானம் வைத்துக் கடை எடுத்தவர் கடைசி வாடிக்கையாளர் போகும் வரை நிற்பார். ஃபிரான்சைஸின் பலம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நிலத்தில் பிடித்த பிடி

வெறும் 1.9 சதவீதத்தில் கம்பெனி நடத்த முடியாது. இதற்கு வழி கண்டவர் ஹாரி சோன்போர்ன். 1956ல் ஃபிரான்சைஸ் ரியால்டி கார்ப்பரேஷன் என்று ஒரு துணைக் கம்பெனி தொடங்கினார்கள். அது நிலத்தையும் கட்டடத்தையும் குத்தகைக்கு எடுக்கும், பின்பு ஃபிரான்சைஸ்காரருக்கு அதிக வாடகைக்கு விடும். குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பின்னாளில் கம்பெனி பல இடங்களை விலைக்கே வாங்கியது.

இதனால் வருமானம் வந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் கட்டுப்பாடு. விதியை மீறினால் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லலாம். ஆக, கடை ஃபிரான்சைஸ்காரருடையது, கடை நிற்கும் மண் கம்பெனியுடையது! சொந்தக் கடைக்கும் ஃபிரான்சைஸ் கடைக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழியை மெக்டொனால்ட்ஸ் கண்டுபிடித்தது என்றே சொல்லலாம்.

1961ல் க்ராக் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களிடமிருந்து எல்லா உரிமையையும் வாங்கினார். 1965ல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது.

பிக் மேக் யார் மூளையில் உதித்தது?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். மெக்டொனால்ட்ஸின் புகழ்பெற்ற பண்டங்களில் பல தலைமை அலுவலகத்தில் பிறக்கவில்லை.

சின்சினாட்டியில் லூ க்ரோன் என்பவருடைய கடை கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதியில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் இறைச்சி சாப்பிட மாட்டார்கள். அன்று கடை காற்று வாங்கும். 1962ல் அவர் மீன் சாண்ட்விச் ஒன்றைக் கொண்டுவந்தார். க்ராக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு யோசனை இருந்தது, இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு வைத்த ஹூலா பர்கர். இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் வென்றது. அதுதான் ஃபிலே ஓ ஃபிஷ்.

பிக் மேக், பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் 1967ல் ஜிம் டெலிகாட்டி என்ற ஃபிரான்சைஸ்காரர் ஆரம்பித்தது. 1968ல் நாடு முழுக்க வந்தது. காலை உணவாக விற்கும் எக் மெக்மஃபின், 1970களின் தொடக்கத்தில் சாண்டா பார்பராவில் கடை வைத்திருந்த ஹெர்ப் பீட்டர்சனின் யோசனை. கோமாளி ரொனால்டு மெக்டொனால்டுகூட 1963ல் வாஷிங்டன் வட்டார ஃபிரான்சைஸ்காரர்களின் விளம்பரத்தில் பிறந்தவர்தான்.

சம்பள மேலாளர் ஒருவருக்கு மீன் சாண்ட்விச்சுக்காகத் தலைவரோடு மல்லுக்கட்ட என்ன அவசியம்? வெள்ளிக்கிழமை விற்பனை விழுந்தால் அடிபடுவது க்ரோனின் ஜேபி. அதனால்தான் அவர் போராடினார். அதே சமயம், அந்த யோசனையைச் சோதித்து, ஒரே அளவில் ஒரே ருசியில் ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கொண்டுசெல்லும் வேலையைக் க்ரோனால் செய்திருக்க முடியாது. அதற்குக் கம்பெனியின் கட்டமைப்பு வேண்டும். 1983ல் நாடெங்கும் வந்த சிக்கன் மெக்நகெட்ஸ் இதற்கு எதிர்ப்பக்க உதாரணம். அது கம்பெனியின் சமையல் நிபுணர்களும் கோழி வழங்கும் கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது. தனிக் கடைக்காரர் எவருக்கும் எட்டாத செலவு.

1970களின் கலகம்

1960களின் கடைசியில் கம்பெனி கையில் பணம் புரண்டது. ஃபிரான்சைஸ்காரர்களிடமிருந்து கடைகளைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. புதிய சொந்தக் கடைகளும் திறந்தன. 1970களின் நடுவில் மொத்தக் கடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்பெனியின் சொந்தக் கடைகள்.

ஃபிரான்சைஸ்காரர்களுக்குப் பயம் வந்தது. பழைய கடைக்குப் பக்கத்திலேயே புதுக் கடை வருகிறது, இருக்கிற வியாபாரம் பிரிகிறது என்று குமுறினார்கள். இன்னொரு பெரிய பயம், 1955ல் கொடுத்த உரிமங்களின் காலம் 20 வருடம். 1975ல் அவை முடியத் தொடங்கின. புதுப்பிக்காவிட்டால்? இருபது வருட உழைப்பு ஒரே கையெழுத்தில் போய்விடும். 1975ல் அதிருப்தியாளர்கள் சிலர் தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். கம்பெனி இறங்கிவந்து ஃபிரான்சைஸ்காரர்களின் ஆலோசனைக் குழு ஒன்றை ஏற்படுத்தியது, குறை கேட்க ஒரு அதிகாரியையும் வைத்தது. பின்பு சொந்தக் கடைகளின் பங்கு மெல்ல இறங்கியது.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கம்பெனிகள் கடைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் ஆக்ஸன்ஃபெல்ட், கெல்லி என்ற இரு அறிஞர்கள் ஒரு கணிப்பு சொன்னார்கள். வளரும் கம்பெனிக்குப் பணமும் ஆளும் இல்லாததால்தான் அது ஃபிரான்சைஸை நாடுகிறது, வளர்ந்த பின் நல்ல கடைகளையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. லஃபான்டேன், ஷா என்ற இருவர் பிற்பாடு ஏராளமான கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தபோது, தொடக்க வருடங்களுக்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் சொந்தக் கடை விகிதத்தை ஓரளவு நிலையாக வைத்திருப்பது தெரிந்தது. பெயருக்கு மதிப்பு அதிகமுள்ள கம்பெனிகள் சொந்தக் கடைகளைக் கூடுதலாக வைத்திருந்தன. பெயர் கெட்டால் அதிகம் இழப்பது அவைதானே!

ஜெஃப்ரி பிராடாக் 1990களில் பெரிய உணவகச் சங்கிலிகளை ஆராய்ந்து, கலவையே ஒரு பலம் என்று எழுதினார். சொந்தக் கடையில் ஒரு புது இயந்திரத்தை வைத்து, கணக்கைக் காட்டி, ஃபிரான்சைஸ்காரரைச் சம்மதிக்க வைக்கலாம். ஃபிரான்சைஸ்காரருக்கு உத்தரவு போட முடியாது, புரியவைத்தாக வேண்டும். அதனால் அரைவேக்காட்டு யோசனைகள் அங்கேயே வடிகட்டப்படும். இந்த ஊர் ஃபிரான்சைஸ்காரர் செலவைக் குறைத்துவிட்டார், உன்னால் ஏன் முடியவில்லை என்று சொந்தக் கடை மேலாளரைக் கேட்கவும் கேட்கலாம்.

சுத்தம் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து உணவகங்களின் சுகாதார மதிப்பெண்களை ஜின், லெஸ்லி என்ற இருவர் ஒப்பிட்டார்கள். ஒரே சங்கிலியில் சொந்தக் கடைகளைவிட ஃபிரான்சைஸ் கடைகள் சற்றுப் பின்தங்கியிருந்தன. சுத்தத்துக்கான செலவு அந்தக் கடைக்காரர் தலையில், நல்ல பெயரின் பலனோ எல்லோருக்கும் பொது. அதனால் வரும் அலட்சியம் இது.

பர்கர் கிங் போன பாதை

போட்டிக் கம்பெனியான பர்கர் கிங், க்ராக் தவிர்த்ததையே செய்தது. பெரிய பெரிய வட்டாரங்களை மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தது. 1967ல் பில்ஸ்பரி கம்பெனி பர்கர் கிங்கை வாங்கியபோது சில ஃபிரான்சைஸ்காரர்கள் மலைபோல வளர்ந்திருந்தார்கள். சார்ட் ஹவுஸ் என்ற ஃபிரான்சைஸ் கம்பெனி, பர்கர் கிங்கையே விலைக்குக் கேட்கும் அளவுக்குப் போனது! அப்படிப்பட்டவரிடம் விதி பேச முடியுமா? கடைசியில் 1977ல் மெக்டொனால்ட்ஸிலிருந்து டொனால்ட் ஸ்மித் என்பவரைக் கூட்டிவந்துதான் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள்.

2010ல் 3ஜி கேப்பிட்டல் பர்கர் கிங்கை வாங்கியதும் சொந்தக் கடைகளை விற்கத் தொடங்கியது. 2013 முடிவில் மிஞ்சியவை வெறும் 52. லாபக் கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அமெரிக்கக் கடைகள் பழசாகி நின்றன. 2024ல் தாய்க் கம்பெனி சுமார் 100 கோடி டாலர் கொடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த காரல்ஸ் என்ற ஃபிரான்சைஸ் கம்பெனியை வாங்கியது. அந்தக் கடைகளைப் புதுப்பித்து, சிறிய ஃபிரான்சைஸ்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது திட்டம். எல்லாவற்றையும் கைகழுவியவர்களே மறுபடி கடை நடத்த வந்தார்கள்.

2015 திருப்பம்

மெக்டொனால்ட்ஸும் அதே திசையில் நடந்தது. 2014ல் விற்பனை சரிந்தது. 2015ல் தலைவரான ஸ்டீவ் ஈஸ்டர்புரூக், 2018 முடிவதற்குள் 3,500 சொந்தக் கடைகளை விற்று ஃபிரான்சைஸ் பங்கை 81 சதவீதத்திலிருந்து 90 ஆக்குவதாக அறிவித்தார். இலக்கு பின்பு 95 ஆக உயர்ந்தது. இன்று உலக அளவில் ஏறக்குறைய 95 சதவீதக் கடைகள் ஃபிரான்சைஸ்தான்.

பலன் கணக்கில் தெரிந்தது. 2014ல் கம்பெனியின் வருவாய் சுமார் 2,740 கோடி டாலர், இயக்க லாபம் சுமார் 795 கோடி. 2018ல் வருவாய் சுமார் 2,100 கோடியாக இறங்கியது, லாபமோ சுமார் 880 கோடியாக ஏறியது. வருவாய் குறைந்து லாபம் கூடுவது எப்படி? ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் புரியும். சொந்தக் கடை 100 டாலருக்கு விற்றால் 100ம் கம்பெனியின் வருவாய். இறைச்சி, சம்பளம், மின்சாரம் போக 15 மிஞ்சலாம். அதே கடை ஃபிரான்சைஸ் ஆனால் வாடகையும் ராயல்டியும் சேர்ந்து 14 மட்டும்தான் வருவாய். ஆனால் அதில் பெரும்பகுதி லாபம். இறைச்சி விலை ஏறினாலும் சம்பளம் ஏறினாலும் முதல் அடி கம்பெனிக்கு இல்லை.

அப்படியானால் அந்த அடி எங்கே போனது? ஃபிரான்சைஸ்காரரிடம். கடைகளை நவீனமாக்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த நெருக்கடியால் 2018ல் அமெரிக்க ஃபிரான்சைஸ்காரர்கள் மறுபடியும் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1975ன் மறுஒலிபரப்பு!

அவருக்கும் கீழே தொழிலாளி இருக்கிறார். 2015ல் உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலியைவிட ஒரு டாலர் அதிகம் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அது பொருந்தியது அமெரிக்காவின் சுமார் 1,500 சொந்தக் கடைகளில் வேலை பார்த்த 90,000 பேருக்கு மட்டும். ஃபிரான்சைஸ் கடைகளில் இருந்த சுமார் ஏழரை லட்சம் பேருக்கு இல்லை. 2021ல் இன்னொரு சம்பள உயர்வு வந்தபோது அமெரிக்காவில் சொந்தக் கடைகள் 650 ஆகச் சுருங்கியிருந்தன. ஒரே சீருடை, ஒரே வேலை, சம்பளம் மட்டும் வேறு. இது புதிதும் அல்ல. துரித உணவுக் கடைகளை ஆராய்ந்த ஆலன் க்ரூகர் 1991லேயே, சொந்தக் கடைகளில் உதவி மேலாளர்களுக்குச் சுமார் 9 சதவீதமும் சாதாரண ஊழியர்களுக்குச் சுமார் 2 சதவீதமும் கூடுதல் கிடைப்பதாகக் கண்டிருந்தார்.

இந்தியாவிலும் ஒரு பாடம்

1996ல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸ், சொந்தக் கடையும் இல்லாமல் ஃபிரான்சைஸும் இல்லாமல் பாதிக்குப் பாதி கூட்டு வைத்தது. மேற்கிலும் தெற்கிலும் அமித் ஜாட்டியா, வடக்கில் விக்ரம் பக்ஷி. மேற்கு, தெற்குக் கூட்டு பின்பு முழு உரிமமாக மாறி நல்லபடியாக ஓடியது. வடக்கில் 2013ல் தகராறு வெடித்தது. 2017ல் 169 கடைகளின் உரிமத்தைக் கம்பெனி ரத்து செய்தது. 2019ல்தான் பக்ஷியின் பங்கை வாங்கி வழக்கை முடித்தார்கள். யார் முதலாளி என்பது தெளிவாக இல்லாத இடத்தில் ஆறு வருட வியாபாரம் வீணானது.

மொத்தத்தில்...

எத்தனை சதவீதம் சொந்தக் கடை, எத்தனை சதவீதம் ஃபிரான்சைஸ் என்பதற்கு மந்திர எண் எதுவும் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு சொந்தமாக வைத்திருந்தபோதும் மெக்டொனால்ட்ஸ் வளர்ந்தது, இருபதில் ஒரு பங்கு வைத்திருக்கும்போதும் லாபம் பார்க்கிறது. வரலாறு காட்டுவது வேறு ஒன்று. ஃபிரான்சைஸ்காரர் கம்பெனிக்கு உழைப்பையும் முதலையும் பிக் மேக் மாதிரி யோசனைகளையும் தருகிறார். சொந்தக் கடை கம்பெனிக்குக் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நிற்கும் அனுபவத்தைத் தருகிறது. எண்ணெய் விலை ஏறினால் எப்படி வலிக்கும், ஆள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், புது இயந்திரம் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தானும் கடை நடத்துகிறவருக்குத்தான் தெரியும்.

சொந்தக் கடைகள் குறையக் குறைய லாபக் கணக்கு நன்றாகிறது. கூடவே, அடுத்தவர் பணத்தில் தீர்மானம் எடுக்கும் வழக்கமும் வளர்கிறது. 1955ல் ரே க்ராக் ஃபிரான்சைஸ் விற்கத் தொடங்குமுன் தாமே ஒரு கடை போட்டார். 2024ல் பர்கர் கிங்கின் தாய்க் கம்பெனி ஆயிரம் கடைகளை வாங்க வேண்டிவந்தது. முதலாமவர் ஒரே கடையில் கற்றதை, மற்றவர்கள் கற்க 100 கோடி டாலர் ஆனது.